முகவரியில் இல்லை

பதினெட்டு வருடம் டண்டீ நகர மாடிப்படிகளில்
அடுத்தவர் கடிதங்களைச் சுமந்தவள் நான்.
ஹில்டவுன் ஏற்றத்தில் மழையோடு ஏறியிருக்கிறேன்.
அங்குள்ள நாய்களுக்கு என் கெண்டைக்கால் நல்ல பழக்கம்.

பிறகு ஒரு மார்ச்சில் காய்ச்சல் வந்தது.
காய்ச்சல் போனது.
நான்தான் திரும்பி வரவில்லை.

எட்டுக் குழாய் ரத்தம் எடுத்தார்கள்.
எல்லாம் நார்மல் என்றார் டாக்டர் மெக்காஸ்கில்,
பரீட்சையில் தேறிய பிள்ளையிடம் சொல்வதுபோல.
தலை சீவக் கை தூக்கியதும்
ஏன் கட்டிலில் சாய்கிறேன் என்று கேட்டேன்.
அவர் கணினியிடம் திரும்பினார்.
கணினி என்னை மனதுக்கு அனுப்பியது.

மனது இருப்பது இரண்டாவது மாடியில்.
லிஃப்ட் பழுது.

எய்லி நல்ல பெண். இதைச் சொல்லியாக வேண்டும்.
கொடுமைக்காரி என்றால் திட்டிவிட்டு வந்திருப்பேன்,
வேலை சுலபம்.
டிஷ்யூ பெட்டியை என் பக்கம்
இரண்டு அங்குலம் நகர்த்தி வைப்பாள்,
அழுகை வரும் நேரம் தனக்குத் தெரியும் என்பதுபோல.
"உங்கள் வலியை நான் நம்புகிறேன்" என்பாள்.
வாக்கியம் முடிந்த பிறகும்
அதன் வால் மட்டும் அறையில் ஆடிக்கொண்டிருக்கும்:
ஆனால்.

படிவம் தந்தாள். மூன்று கட்டங்கள்.
என்ன நடந்தது, என்ன நினைத்தீர்கள்,
வேறெப்படி நினைத்திருக்கலாம்.
முதலாவதில் எழுதினேன்: திங்கள், குளித்தேன்.
இரண்டாவதில்: சோப்பு நழுவியது,
குனிய வேண்டாம் என்று நினைத்தேன்.
மூன்றாவதில்
நெடுநேரம் பேனாவைப் பிடித்திருந்தேன்.
சோப்பைப் பற்றி வேறெப்படி நினைப்பது?

"நடக்கப் பயப்படுகிறீர்கள்" என்றாள்.
பயமா.
எய்லி, கனவில்கூட நான் நடக்கிறேன்.
பை தோளை அறுக்க, நாற்பத்தொன்றாம் எண் வீட்டுக்கு
மின்சார பில் கொண்டுபோகிறேன்.
விழித்தால் குதிகால் வலிக்கிறது.

வாரம் ஐந்து நிமிடம் கூட்டச் சொன்னது அட்டவணை.
கூட்டினேன். சொன்ன பேச்சைக் கேட்பவள்தான்.
விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்,
நான்காவது வாரம் ரொட்டிக் கடை.
அவள் கைதட்டினாள்.
தண்டனை எப்போதும் இரண்டு நாள் கழித்தே வரும்,
ஞாயிற்றுக்கிழமை, திரை இழுத்த அறைக்கு.
ஞாயிறு கிளினிக் விடுமுறை.
ரோரி சூப் ஊட்டியபோது
ஸ்பூன் பல்லில் பட்ட சத்தம்
மண்டைக்குள் ஒரு தட்டு உடைந்ததுபோல் கேட்டது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஒருநாள் கேட்டேவிட்டேன்:
கால் முறிந்தவனிடம்
காலைப் பற்றிய எண்ணத்தை மாற்று என்பீர்களா?
"எதிர்ப்பு" என்று குறித்துக்கொண்டாள்.
தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்க வரும்;
பதினெட்டு வருடம் முகவரி பார்த்த கண்.

அழுதால் மனச்சோர்வு. அழாவிட்டால் மறுப்பு.
ஒருமுறை சிரித்தேன்,
அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தாள்.

பன்னிரண்டு அமர்வு. பன்னிரண்டுக்கும் போனேன்,
ஆகவே தேறிவிட்டேனாம்.
மாடி ஏறி வந்ததே சாட்சி.
திரும்பும்போது எந்தப் படியில், எத்தனை நேரம்
உட்கார்ந்திருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

முடிவு நேற்று தபாலில் வந்தது.
கதவுத் துளையில் விழுந்த சத்தத்திலேயே தெரிந்தது:
ஒற்றைத் தாள், ஜன்னல் வைத்த உறை.
கொண்டுவந்தவன் டூகல்; அந்த இருமல் அவனுடையது,
என் பையும் இப்போது அவன் தோளில்தான்.
சுவரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
மிதியடி மேலேயே படுத்தபடி பிரித்தேன்.

இஷ்பெல் கார்கில் கணிசமாக முன்னேறியுள்ளார்,
இத்துடன் சிகிச்சை நிறைவு பெறுகிறது.

வாழ்த்துகள், அந்த அம்மாளுக்கு.
எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் நல்லது.
அவளிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.
தாளை மடித்து உறைக்குள் திரும்ப வைத்தேன்.
வேலையில் ஆயிரம் முறை எழுதிய வரியை
மேலே எழுதினேன்:
இந்த முகவரியில் இல்லை. அனுப்பியவருக்கே.

தபால் பெட்டி தெருமுனையில். நூற்று முப்பது தப்படி.
உறை இன்னும் கெட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.
போட்டுவிட்டு வரட்டுமா என்று ரோரி கேட்டான்.
வேண்டாம் என்றேன்.
அது நான் கொண்டுபோக வேண்டிய கடிதம்.